தொப்பினம்பூரை அறியாமல் தின்றவர்கள் இங்கே வாருங்கள்

உப்புவெளிச் சமையல்காரன்:

பாரிஸில் 6 வருடம் இருந்தேன். முதல் 3 வருடம் கோப்பை கழுவினேன், அதற்குப் பிறகுதான் கத்தி கைக்கு வந்தது. வந்த முதல் கிழமையே குசினிப் பெரியவர் ஒரு பெட்டிக் கிழங்கை முன்னால் வைத்து 'தொப்பினம்பூர்' என்றார். பார்த்தால் இஞ்சிதான். ஒரு துண்டைக் கடித்தேன், காரம் இல்லை, நறுக்கென்று பச்சைக் கச்சான் மாதிரி ஒரு மெல்லிய இனிப்பு. சூரியகாந்தியின் சொந்தக்காரக் கிழங்காம், பிறந்த இடம் வட அமெரிக்கா. ஆங்கிலத்தில் ஜெரூசலம் ஆர்டிசோக் என்கிறார்கள், ஜெருசலேமுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

முண்டும் முடிச்சுமாக இருக்கும், ஒவ்வொரு முண்டையும் ஒடித்தால்தான் இடுக்கில் இருக்கிற மண் தெரியும். தோல் மெல்லியது, பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் மினக்கெட்டு இரண்டு மணித்தியாலம் சீவினேன், பாதிக் கிழங்கு குப்பைக்குப் போனது, மிச்சம் தேசிக்காய்த் தண்ணீரில் போடாததால் சாம்பல் நிறமாகிவிட்டது. வாங்கிய ஏச்சு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

உண்மையான கூத்து அன்று இரவுதான். மிஞ்சியதை அறைக்குக் கொண்டுபோய், உருளைக்கிழங்கு மாதிரித்தானே என்று உள்ளி, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுப் பிரட்டல் வைத்தேன். கரண்டியால் குத்திப் பார்க்கக் கல்லு மாதிரி இருந்தது, திரும்பி உப்பு எடுத்து வருவதற்குள் கூழ். ருசி என்னவோ நல்ல ருசி. 5 பொடியன்மார், ஒரே அறை, சோற்றோடு சட்டியை வழித்துத் தின்றோம். நடுச்சாமத்தில் ஒருவன் எழும்பி ஜன்னலைத் திறந்தான், அது ஜனவரி மாதம். குளிரில் சாவதா மற்றதில் சாவதா என்கிற நிலை!

அடுத்த நாள் சொன்னதும் பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்தக் கிழங்கில் மாச்சத்துக்குப் பதிலாக இனுலின் என்று ஒன்று இருக்கிறது, அதைச் சமிக்க நம் குடலுக்குத் தெரியாது. பெருங்குடல் வரை அப்படியே போய் அங்கே இருக்கிற கிருமிகளுக்குச் சாப்பாடாகி, வாய்வாக வெளியே வரும். அதனால்தான் கடையில் சூப்பைச் சின்னக் கிண்ணத்தில் கொடுக்கிறோம் என்றார். 1633இல் அச்சான ஓர் ஆங்கில மூலிகைப் புத்தகத்திலேயே இந்த நாற்றக் காற்றைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பிறகு வாசித்தேன். பிரான்ஸில் வயதானவர்கள் பலருக்கு இதன் பெயரே பிடிக்காது, காரணம் வேறு: இரண்டாம் உலகப் போரில் உருளைக்கிழங்கை ஜெர்மன்காரர் வாரிக்கொண்டு போக, அவர்கள் இதைத் தின்றுதான் வளர்ந்தார்கள்.

இப்போது இங்கே ஒரு விடுதியில் சமைக்கிறேன். போன மாதம் பிரெஞ்சு விருந்தினர் ஒருவர் அந்த சூப் கேட்டார். திருகோணமலையில் தொப்பினம்பூருக்கு எங்கே போவது? சந்தையில் இன்னலக் கிழங்கு (இந்தியாவில் சிறுகிழங்கு என்பார்கள்) வாங்கி, சாக்குக்குள் போட்டுத் தண்ணீர் விட்டு உரஞ்சித் தோலை எடுத்து, தேங்காய்ப் பாலில் வைத்துக் கொடுத்தேன். இன்னலயில் மாச்சத்து அதிகம், பசை மாதிரி இறுகியது, இரண்டு தரம் பால் விட்டு இளக்கினேன். 'அது இல்லை, ஆனால் இது என்ன?' என்று கேட்டு இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தார்.

பாலையூற்று அக்கா:

தம்பி, சிரித்து முடியவில்லை. கனடாவில் மகள் வீட்டில் நின்றபோது பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா ஒரு பை நிறையத் தந்தார். நான் பால்கறி வைத்தேன், அன்றைக்கென்று சம்பந்தி வீட்டார் சாப்பிட வந்திருந்தார்கள். மேலே சொல்ல மாட்டேன். மிஞ்சிய நாலு கிழங்கை வேலியோரம் புதைத்தேன், அடுத்த வருடம் மருமகன் படம் அனுப்பினார், ஆளை விட உயரம், மஞ்சள் பூ. கிண்டி எடுத்தாலும் ஒரு துண்டு மண்ணில் கிடந்தால் திரும்ப முளைக்கிறதாம். அவர் என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

தம்பலகாமத்தான்:

அண்ணா, இந்தக் கிழங்கு சீனி வருத்தக்காரருக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். அப்பாவுக்கு இன்னல கொடுக்கலாமா? அப்புறம், இன்னலத் தோல் எடுத்தால் வருகிற கைக்கறை எப்படிப் போகும்? அம்மா இரண்டு நாளாகக் கறுத்த விரலோடு திரிகிறா.

உப்புவெளிச் சமையல்காரன்:

தம்பி, சொன்னவர்கள் தொப்பினம்பூரைச் சொல்லியிருப்பார்கள், அதில் இருக்கிறது இனுலின். இன்னல மாச்சத்துக் கிழங்கு, உருளைக்கிழங்குக்குப் பார்க்கிற கணக்கையே இதற்கும் பாருங்கள், அப்பாவின் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கறைக்கு, துவங்க முதலே கையில் தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லுங்கள்.

அக்கா, அடுத்த முறை கனடா போனால் அவிக்கிற தண்ணீரில் தேசிக்காய்ப்புளி விட்டு ஆறுதலாக அவியுங்கள், இனுலின் கொஞ்சம் உடையும், கிழங்கும் கூழாகாது. சம்பந்தி வீட்டாருக்கு மட்டும் வேண்டாம்.