பெப்ரவரியில் ஓடினால்தான் பையில் கை போகும்

குழு: கொக்குவில் வீடு

வியாழன் இரவு

சித்தப்பா: எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 10 கி.மீ. ஓடுகிறேன். இந்த முறையும் காசு சேர்ப்பது டொரொன்டோவில் எங்கள் பகுதி உணவு வங்கிக்குத்தான். இணைப்பு மேலே இருக்கிறது. ஐந்து டொலர் என்றாலும் சந்தோஷம். பெயர் தெரிய வேண்டாம் என்றால் பெயர் போடாமலும் கொடுக்கலாம்.

அம்மா: தம்பி, ஞாயிற்றுக்கிழமை வானிலை பார்த்தீர்களா?

சித்தப்பா: பார்த்தேன் அண்ணி. மைனஸ் 11.

அம்மா: காற்றோடு சேர்த்து மைனஸ் 21 என்று போட்டிருக்கிறான். அதைச் சொல்லுங்கள்.

சித்தப்பா: காற்று மணிக்கு 30 கி.மீ. என்றால் அப்படித்தான் வரும். காற்றோடு மைனஸ் 28 வந்தால்தான் யோசிக்க வேண்டும். அதில் மூடாத தோல் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் உறைந்துவிடலாம். அப்படி வந்தால் நான் போகமாட்டேன்.

அம்மா: ஏழு டிகிரி மிச்சம் இருக்கிறது. நல்ல ஆறுதல்.

அப்பா: டேய், ஓட்டத்துக்குப் பதியக் கட்டுகிற அந்த ஐம்பது டொலரை நேரே அவர்களிடம் கொடுத்துவிட்டு வீட்டில் போர்த்துக்கொண்டு படுத்தால் என்ன?

நான்: அப்பா தொடங்கிவிட்டார்.

சித்தப்பா: கொடு அண்ணை, யார் வேண்டாம் என்றது? ஆனால் நீ பதிவுக் கட்டணத்தை நன்கொடை என்று நினைக்கிறாய். அதில் கனக்கப் பங்கு நேரம் எடுக்கிற சிப்புக்கும் சட்டைக்கும் பதக்கத்துக்கும் வீதி மறிக்கிற பொலிசுக்கும் போய்விடும். உணவு வங்கிக்குப் போவது பெரும்பாலும் நாங்கள் நாலு பேரிடம் கேட்டுச் சேர்க்கிற காசுதான். அதனால்தான் இங்கே வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அப்பா: அப்போ ஜூனில் ஓடிக் கேளேன். புல் பச்சையாக இருக்கும், நானும் வந்து கை தட்டுவேன்.

சித்தப்பா: ஜூனில் ஓடுகிறேன் என்றால் "நல்லது, உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பெப்ரவரியில் என்றால்தான் "உனக்கென்ன விசரா" என்று கேட்டுக்கொண்டே பையில் கை போகிறது. வேலையிடத்தில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். குளிர் கூடக்கூட காசு கூடுகிறது. இன்னொன்று, தாங்ஸ்கிவிங், கிறிஸ்மஸ் நேரத்தில் எல்லாரும் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தை பிறந்தால் ஆளில்லை. சாப்பிட வருகிறவர்களுக்கு மட்டும் தை, மாசி என்று கிடையாது. இந்த ஓட்டத்தை இந்த மாதத்தில் வைப்பதே அதற்காகத்தான்.

அப்பா: டெரி ஃபொக்ஸ் என்று நினைப்பு.

சித்தப்பா: அவரை இதற்குள் இழுக்காதே அண்ணை. புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க, ஒரு காலில்லாமல், 1980 ஏப்ரல் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தில் தொடங்கி, முதல் நாட்களிலேயே சூறைக்காற்றிலும் மழையிலும் பனிப்புயலிலும் ஓடின மனிசன். 143 நாளில் 5,373 கி.மீ. நான் 10 கி.மீ. ஓடிவிட்டு இரண்டு நாள் மாடிப்படியில் கைபிடியைப் பிடித்து இறங்குகிற ஆள். ஆனால் கேட்கிற விதத்தை அவரிடம்தான் படித்தேன். ஒரு கனடியருக்கு ஒரு டொலர் என்றுதான் கேட்டார். அப்போது இங்கே சனத்தொகை 2 கோடியே 40 இலட்சம். 1981 பெப்ரவரியில் அந்தக் கணக்கும் நிறைந்தது.

மாமி (லண்டன்): தம்பி, நான் 20 பவுண் போட்டுவிட்டேன். அண்ணை பேசட்டும், நீ ஓடு.

சித்தப்பா: நன்றி அக்கா!

மாமி (லண்டன்): போன மார்கழி நானும் ஓடினேனே, சொன்னேனா? இங்கே ஹொஸ்பிஸுக்கு, கடைசிக் கால நோயாளரைப் பார்க்கிற இடத்துக்கு, காசு சேர்க்க சாண்டா ஓட்டம். வேலையிடத்துப் பெண்கள் சேர்ந்து போனோம். 5 கி.மீ.தான். ஆனால் அந்தச் சிவப்பு உடுப்பு இருக்கிறதே, காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மற்றப் பக்கத்தால் போகும். எல்லாருக்கும் ஒரே அளவு. என் காற்சட்டை பாதி வழியில் முழங்காலுக்கு இறங்கிவிட்டது, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். தாடி அதற்கு மேல். மூச்சுப் பட்டு நனைந்து வாய்க்குள் ஒட்டும். கடைசியில் பார்த்தால் முடிவுக் கோட்டில் முக்கால்வாசி சாண்டாவுக்குத் தாடி இல்லை.

நான்: மாமி, படம் இருக்கா?

மாமி (லண்டன்): இருக்கு. காட்டமாட்டேன்.

மாமி (லண்டன்): பகிடி விடாதீர்கள், லண்டன் குளிர் நனைந்த குளிர். இரண்டு டிகிரியில் மழை பெய்தால் உங்கள் மைனஸ் பத்தை விட மோசம்.

அப்பா: வந்து பார்த்துவிட்டுச் சொல்.

சித்தப்பா: இல்லை அண்ணை, அக்கா சொல்வது சரி. மைனஸ் ஐந்து, காய்ந்த வீதி என்றால் எனக்குப் பண்டிகை. ஒரு டிகிரியில் மழையும் ஸ்னோவும் கலந்து கொட்டும் பாருங்கள், அந்த நாள்தான் வேண்டாம். காலில் மேசு நனைந்தால் அதோடு சரி, உடம்பில் சூடு நிற்காது.

மாமி (லண்டன்): நான் இப்போது சனிக்கிழமை 9 மணிக்குப் பார்க்ரன் போகிறேன், பூங்காவில் எல்லாரும் சேர்ந்து ஓடுகிற 5 கி.மீ. காசு கட்டத் தேவையில்லை. 2004இல் இங்கே லண்டன் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கினதாம், இன்றைக்கு எந்த ஊரிலும் இருக்கு. ஆனால் பாதையில் ஐஸ் என்றால் நிறுத்திவிடுவார்கள். நான் சப்பாத்துக் கட்டின பிறகுதான் அந்தச் செய்தி வரும்.

அப்பம்மா: (குரல் பதிவு)

நான்: வேலையில் நிற்கிறேன், கேட்க முடியாது. அப்பம்மா என்ன சொல்கிறார், யாராவது எழுதுங்கோ.

சின்னவன்: "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். இங்கே கொக்குவிலிலேயே காலையில் சுவெட்டர் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போகிறேன். காதை மூடு. ஓடி முடிந்தவுடன் தலையைத் துவட்டு. பச்சைத் தண்ணி குடியாதே." அதுக்குப் பிறகு சேவல் கூவுகிறது.

சித்தப்பா: சரி அம்மா. காதை மூடுகிறேன்.

சனி பின்னேரம்

சின்னவன்: சித்தப்பா, நானும் வரலாமா? 5 கி.மீ.

சித்தப்பா: வா வா. இன்றிரவோடு பதிவு மூடுகிறார்கள், கெதியாகச் செய்.

சின்னவன்: செய்தாச்சு. அந்தக் கறுப்பு ஹூடி போதும்தானே?

சித்தப்பா: பருத்தி ஹூடி வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே நிற்கும், பிறகு அதுதான் உன்னைக் குளிர வைக்கும். உடம்போடு ஒட்டின மெல்லிய விளையாட்டுச் சட்டை ஒன்று, அதற்கு மேல் காற்று புகாத மெல்லிய ஜாக்கெட். வெளியே பத்து டிகிரி கூடச் சூடு என்று நினைத்து அதற்கு உடுத்து. தொடங்கும் இடத்தில் கொஞ்சம் நடுங்க வேண்டும். அங்கே நிற்கும்போதே சுகமாக இருந்தால் உடுப்பு கூடிவிட்டது, இரண்டாம் கிலோமீட்டரில் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவாய்.

கைக்கு விரல் விரலாகப் பிரிந்த கையுறையை விட, நாலு விரலும் ஒன்றாக இருக்கிற மிற்றன் நல்லது. ஃபோனை உள்ளே, உடம்போடு ஒட்ட வை. வெளிப் பையில் கிடந்தால் குளிருக்கு பற்றரி திடீரென்று செத்துவிடும், பிறகு உன்னை எங்கே என்று நான் தேட வேண்டும்.

அவர்கள் தருகிற ஓட்ட நம்பரை நாளை காலை மண்டபத்துக்கு உள்ளேயே நின்று குத்திக்கொள். மேல் உடுப்பில். வெளியே போய்க் குத்தலாம் என்று நின்றால் விறைத்த விரலுக்குள் அந்தச் சின்ன ஊசி நிற்காது. நாலு ஊசியில் இரண்டு ஸ்னோவுக்குள் விழுந்துவிடும், தேடி எடுக்கிற வேலை வேறு.

சின்னவன்: இவ்வளவு குளிரில் மூச்சு இழுத்தால் நுரையீரல் உறைந்துபோகாதா?

சித்தப்பா: உறையாது. காற்று அங்கே போய்ச் சேர்வதற்குள் சூடாகிவிடும். ஆனால் காய்ந்த குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். உனக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்ததே, பம்பைக் கொண்டு வா. வாயை மூடிக் கழுத்துத் துணி ஒன்று கட்டு. வேகமாகத் தொடங்காதே.

அம்மா: இழுப்பு இருந்த பிள்ளை என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறதா? டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டல்லவா...

சின்னவன்: அம்மா, போன மாதம் செக்-அப்பில் கேட்டேன். பம்ப் அடித்துவிட்டு ஓடலாம் என்றுதான் சொன்னவர்.

அம்மா: எனக்குச் சொல்லாமல் போன மாதமே திட்டமா? சரி. மாற்று உடுப்பு ஒரு பையில் போட்டுத் தருகிறேன். உள்சட்டை, மேசு, தொப்பி. முடிந்த கையோடு காருக்குள் போய் மாற்ற வேண்டும். படம் எடுத்துக்கொண்டு நிற்கிற வேலை இல்லை.

சித்தப்பா: அண்ணி சொன்னதுதான் முக்கியம். ஓடும்போது யாரும் குளிரில் வாடுவதில்லை. நின்ற பிறகுதான், அந்த முதல் பத்து நிமிடம்.

அப்பா: இதையெல்லாம் எங்கே படித்தாய்?

சித்தப்பா: பிரிம்லி வீதியில், புளஃபர்ஸ் பூங்காவுக்கு இறங்குகிற மேட்டில். விடிய முதல் ஆறு மணிக்கு வா, உனக்கும் சொல்லித் தருவார்கள்.

ஞாயிறு

சின்னவன்: மண்டபத்துக்குள் நிற்கிறோம். ஒரு நாய்க்கும் நம்பர் குத்தியிருக்கிறார்கள்.

அம்மா: மிற்றன்?

சின்னவன்: போட்டிருக்கிறேன்.

அம்மா: பம்ப்?

சின்னவன்: அம்மா!!

மாமி (லண்டன்): இன்னும் செய்தி இல்லையா?

நான்: 5 கி.மீ. முடிந்திருக்கும் மாமி. உடுப்பு மாற்றுகிறான் போல.

சின்னவன்: முடிச்சாச்சு! உடுப்பும் மாத்தியாச்சு அம்மா. கண் இமையில் ஐஸ். ஒரு கட்டத்தில் கண்ணைச் சிமிட்டினால் மேல் இமையும் கீழ் இமையும் ஒட்டிக்கொண்டு வந்தது.

சின்னவன்: தண்ணீர் மேசையைப் பார்த்திருக்க வேண்டும். கப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள், ஒவ்வொன்றிலும் மேலே மெல்லிசாக ஐஸ் படிந்துவிட்டது. ஒரு வயதான அம்மா பென்சிலால் டக் டக் என்று குத்தி உடைத்து உடைத்துக் கையில் தருகிறார். கீழே சிந்தின தண்ணீரும் உறைந்து கண்ணாடி போல, அதில் இன்னொருவர் நின்று உப்புத் தூவுகிறார். ஓடுகிற எங்களுக்கு உடம்பு சூடு. அவர்கள் இரண்டு பேரும் அதே இடத்தில் இரண்டு மணித்தியாலம் நிற்கிறார்கள். உண்மையில் காசு அவர்களைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

அப்பா: இது நியாயமான கதை.

சித்தப்பா: நானும் வந்துவிட்டேன். ஏரிக்கரைப் பாதையில் போக ஐந்து, வர ஐந்து. போகும்போது காற்று முகத்துக்கு நேரே. எனக்கு முன்னால் நல்ல அகலமான மனிதர் ஒருவர் ஓடினார், திரும்பும் இடம் வரைக்கும் அவர் முதுகை விட்டு நான் விலகவில்லை. திரும்பினதும் காற்று முதுகில், அப்படியே தள்ளிக்கொண்டு வந்தது. காற்றை எதிர்த்துப் போய்க் காற்றோடு வருகிற மாதிரிப் பாதை போட்டவர் கெட்டிக்காரர். மாறி இருந்தால் வியர்த்த உடம்போடு எதிர்க்காற்றில் வரவேண்டும், அது கொடுமை.

நான்: அந்த அகலமான மனிதருக்கு நன்றி சொன்னீர்களா?

சித்தப்பா: முடிவில் கை கொடுத்தேன். "பின்னால் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது, நீதானா" என்றார்.

அம்மா: சூடாக ஏதாவது கொடுத்தார்களா?

சின்னவன்: பருப்புச் சூப். இரண்டு கப் குடித்தேன்.

சித்தப்பா: அது பெரிய விஷயம் அண்ணி. முன்பொருமுறை வேறு ஓர் இடத்தில் கடைசியாக வந்தவர்களுக்குச் சூப்பும் இல்லை, கார் நிறுத்தின இடத்துக்குத் திரும்பப் போக பஸ்ஸும் இல்லை. பளபளா என்று ஒரு பெரிய பதக்கம் மட்டும் கழுத்தில். அன்று முதல் பதக்கத்தை விடச் சூப்பைத்தான் நான் விசாரிப்பது.

மாமி (லண்டன்): அடுத்தது எது தம்பி?

சித்தப்பா: பங்குனிக் கடைசியில் ஹமில்டன், வளைகுடாவைச் சுற்றி 30 கி.மீ. 1894இல் தொடங்கினது, பொஸ்டன் மரதனுக்கும் மூன்று வருடம் மூத்தது. முதல் ஓட்டம் கிறிஸ்மஸ் நாளன்று நடந்ததாம், அந்தக் காலத்து ஆட்கள்! இப்போது பங்குனி என்றாலும் ஸ்னோவா வெயிலா என்று அன்றைக்குத்தான் தெரியும். கடைசிப் பகுதியில் மேடுகள், கால் விட்டுப்போகும். முந்தி நான் ஓடினபோது மயானத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கறுப்பு உடுப்பில், அரிவாளோடு, வெள்ளைக்காரரின் எமன் வேடத்தில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் கை காட்டினார்.

அப்பம்மா: (குரல் பதிவு)

சின்னவன்: "அந்தப் பாதையால் போகாதே மகன். வேறு பாதை இல்லையா?"

நான்: அப்பம்மா, அதுதான் பாதை!

அப்பா: சரி, அந்த இணைப்பைத் திரும்பப் போடு. மேலே ஏறிப்போய்விட்டது, தேட முடியவில்லை.

சித்தப்பா: அண்ணை!

அப்பா: அந்தப் பென்சில் மனிசிக்காக. எவ்வளவு என்று கேட்காதே.

அம்மா: நான் வியாழக்கிழமையே எங்கள் இரண்டு பேரின் பெயரிலும் போட்டுவிட்டேன்.

அப்பா: எனக்குச் சொல்லவே இல்லையே.

அம்மா: ஐம்பது டொலரை நேரே கொடுக்கச் சொன்னீர்கள். கொடுத்தேன்.

சித்தப்பா: இரண்டாம் தரமும் போடலாம் அண்ணை, தடையில்லை. இந்தா இணைப்பு. மாதக் கடைசி வரை திறந்திருக்கும்.