கிளை அலுவலகத் தொலைபேசிகளைத் தலைமையகத்தோடு இணைப்பது எப்படி?

கேள்வி – அம்பத்தூர் வாசகர்:
எங்கள் தலைமை அலுவலகம் கிண்டியிலும், கிளைகள் அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ளன. கிண்டியில் ஐபி பிபிஎக்ஸ் (இணைய வலையமைப்பில் இயங்கும் அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) நிறுவி, கிளைகளிலிருந்து மூன்றிலக்க எண்ணை அழுத்தியே பேச விரும்புகிறோம். கிளைதோறும் தனி பிபிஎக்ஸ் வேண்டுமா? இருக்கும் பிராட்பேண்ட் தாங்குமா?

பதில் – வலையமைப்புப் பொறியாளர்:
சிறு கிளைகளுக்குத் தனி பிபிஎக்ஸ் தேவையில்லை. கிளையிலுள்ள ஐபி போன் இணையம் வழியாகக் கிண்டி பிபிஎக்ஸில் தன்னைப் பதிவு செய்துகொள்ளும். அழைப்பைத் தொடங்குவதும் முடிப்பதும் எஸ்ஐபி எனும் நெறிமுறையின் வேலை, குரலோ ஆர்டிபி எனும் வேறொரு நெறிமுறையின்படி சிறு தரவுப் பொட்டலங்களாகத் தனியே பயணிக்கும். குரலை எண்ணிமத் தரவாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் குரலுக்கு மட்டும் நொடிக்கு 64 கிலோபிட், பொட்டலங்களின் முகவரி போன்ற கூடுதல் தகவல்களையும் சேர்த்தால் ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட் செலவாகும் என்பதால், ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசினாலும் 1 மெகாபிட்டைத் தாண்டாது.

பதில் – ஐடி நிர்வாகி:
வேகத்தைவிடத் தாமதமே முக்கியம். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும். யாரேனும் பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது குரல் விட்டுவிட்டுக் கேட்டால், ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை அளியுங்கள். கிளைகளை விபிஎன் (இணையத்தின் ஊடே அமைக்கும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாகவே இணையுங்கள். எஸ்ஐபி பயன்படுத்தும் 5060 போர்ட்டைப் பொதுவெளியில் திறந்து வைத்தால், ஊடுருவிகள் கடவுச்சொல்லை ஊகித்து உங்கள் செலவில் வெளிநாட்டுக்குப் பேசிவிடுவார்கள். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால், எஸ்ஐபி தகவல்களை இடையில் மாற்றியமைக்கும் ரூட்டரின் எஸ்ஐபி ஏஎல்ஜி வசதியை முதலில் அணைத்துப் பாருங்கள்.

பதில் – ஸ்ரீபெரும்புதூர் வாசகர்:
மின்சாரம் போனால் ஐபி போனும் நின்றுவிடும். ஆகவே ரூட்டர், வலையமைப்பு ஸ்விட்ச், ஐபி போன் மூன்றுக்கும் யுபிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் கிடைக்கச் செய்து, அவசரத்துக்குக் கிளைதோறும் ஒரு கைப்பேசியை வைத்திருங்கள்.