உகண்டாவில் நடமாடும் கிளினிக், தொண்டு வேலைக்குப் போகலாமா?

மஸ்கெலியா நர்ஸ்:
வணக்கம். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். வீடு மஸ்கெலியாப் பக்கம், அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்துக்குப் போகிறார். வடக்கு உகண்டாவில் கிராமம் கிராமமாகப் போகும் நடமாடும் கிளினிக் ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம். டிக்கெட் என் செலவு, அமைப்புக்கும் ஒரு தொகை கட்ட வேண்டுமாம். அம்மா மலேரியாவை நினைத்துப் பயப்படுகிறார். நான் போனால் அங்கே உண்மையிலேயே உதவியாக இருக்குமா?

டிக்கோயா அக்கா:
தங்கச்சி, வடக்கு உகண்டாவில் குலு நகரத்துக்கு வடக்கே ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியொரு கிளினிக்கில் இருந்தேன்.

முதலில் அம்மாவின் பயம். அது நியாயம்தான். நாரஹேன்பிட்டியில் மலேரியா தடை இயக்கத்தில் தடுப்பு மாத்திரை இலவசமாகத் தருவார்கள். திரும்பி வந்து காய்ச்சல் கண்டால், உகண்டா போனதைச் சொல்லி அன்றைக்கே இரத்தம் சோதிக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி வேலை. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012இல். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழும் கிடைத்துவிட்டது. அதனால் உங்கள் வயது நர்ஸ்மார் பலர் மலேரியா நோயாளியைப் பார்த்ததே இல்லை. அங்கே வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் பாதிக்கு அதுதான் சந்தேகம். விரலில் குத்தி அட்டையில் ஒரு சொட்டு விட்டால் கால் மணி நேரத்தில் முடிவு வரும். ஆனால் சுகமான பிறகும் சில வாரங்கள் அந்த அட்டை பாசிட்டிவ் காட்டக்கூடும். கடைசியாக எப்போது மாத்திரை குடித்தது என்று தாயிடம் கேட்க வேண்டும், அதை அந்தப் பக்கத்து அச்சோலி மொழியில் கேட்க வேண்டும். கேட்டுத் தருவது அந்த ஊர் சுகாதாரத் தொண்டர்தான். உள்ளங்கை வெளுத்து, வலிப்பும் வந்த பிள்ளையை எந்த வழியால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்பதும் அவருக்குத்தான் தெரியும். பிள்ளையின் மேல்கைச் சுற்றளவை அளக்கும் நாடா 115 மில்லிமீட்டருக்குக் கீழே காட்டினால் கடுமையான போஷாக்கின்மை. அளப்பது சுலபம். வாராவாரம் அந்தப் பிள்ளையைத் திரும்பப் பார்ப்பதுதான் வைத்தியம்.

நம் தோட்டத்து மண்டபங்களில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மருத்துவ முகாம்களை நினைத்துப் பாருங்கள். பிரஷர் பார்த்து, ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். மாத்திரை முடிந்த பிறகு எங்கள் ஆச்சி யாரிடம் போவது என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதையே இன்னொரு ஊர் ஆச்சிக்கு நாம் செய்யக் கூடாது.

இரண்டு வாரம் போதாது. குறைந்தது மூன்று மாதம் தருகிறார்களா என்று கேளுங்கள். நீங்கள் போகாத மாதத்திலும் அந்த வண்டி அதே மரத்தடிக்கு வருமா என்றும் கேளுங்கள்.

பண்டாரவளை பார்மசி:
அக்கா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். நல்ல மனதோடு பெட்டி நிறைய மருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த நாட்டு மருந்து அதிகார சபையின் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் பிடித்து வைப்பார்கள். சிங்கள லேபிளை அங்கே வாசிக்கவும் ஆளில்லை. அப்புறம், கட்டச் சொல்லும் தொகை எதற்குப் போகிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

மஸ்கெலியா நர்ஸ்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. ரிஜிஸ்ட்ரேஷன் பற்றி அவர்கள் எதுவும் எழுதவில்லை, இங்கே பதிந்திருப்பது அங்கேயும் செல்லுமா?

டிக்கோயா அக்கா:
செல்லாது. உகண்டா தாதியர் கவுன்சிலில் தனியாகப் பதிய வேண்டும். அதைப் பற்றிப் பேச்சே எடுக்காத அமைப்பு என்றால் எனக்குப் பிடிக்கவில்லை, தங்கச்சி. முதலில் அதைக் கேட்டு எழுதுங்கள். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.