சிறுவிடைக் கோழியில் அடைகாக்கும் குணம் கெடாமல் முட்டையைக் கூட்ட முடியுமா?

கேள்வி: வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி வட்டம்)

அனைவருக்கும் வணக்கம். வெண்ணாற்றுப் பாசனத்தில் சம்பாவும் தாளடியும் செய்யும் குடும்பம் எங்களுடையது. அம்மா காலத்திலிருந்து கொல்லையில் சிறுவிடை எனப்படும் சிறிய உடல்வாகு கொண்ட நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. இப்போது சுமார் இருபது பெட்டைகளும் இரண்டு சேவல்களும் உள்ளன. ஓர் ஈட்டுக்கு, அதாவது அடையில் உட்காருமுன் தொடர்ந்து இடும் ஒரு சுற்றுக்கு, பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை இடுகின்றன. ஆண்டுக்கு மூன்று ஈடு, நல்ல பெட்டையாக இருந்தால் நான்கு ஈடு கிடைக்கிறது.

அண்டை வீட்டார் வாங்கி வந்த கலப்பினச் சேவல் எங்கள் கொல்லைக்கும் வந்து போனதால், சென்ற ஆண்டு பொரித்த சில பெட்டைகள் முட்டையைத் தொடர்ந்து இடுகின்றனவே தவிர அடையில் உட்காருவதே இல்லை. எனக்கு இன்குபேட்டர் வாங்கும் எண்ணம் இல்லை. தானே அடைகாத்து, தானே குஞ்சை வளர்த்து, ஐப்பசி மழையையும் தாங்கி நிற்கிற கோழிதான் வேண்டும். அதிலேயே முட்டை கொஞ்சம் கூடினால் போதும். சேவலை எதை வைத்துத் தெரிவு செய்வது, எத்தனை சேவல் வைத்துக்கொள்வது, வெளியிலிருந்து புதிய சேவல் வாங்கலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: களத்துமேடு (பாபநாசம்)

வணக்கம் நண்பரே. சேவலை எப்படித் தெரிவு செய்வது என்று கேட்கிறீர்கள். நம் வீடுகளில் அந்தத் தெரிவை இப்போது செய்துகொண்டிருப்பவர் வியாபாரிதான். ஆடியிலும் தீபாவளிக்கு முன்பும் வருகிறவர் கூட்டத்தில் எடை ஏறிய, நெஞ்சு விரிந்த, கால் உறுதியான சேவலைத்தான் கை நீட்டிக் கேட்கிறார். விலையும் அதற்குத்தான் நன்றாகக் கிடைக்கிறது. அது போன பிறகு மிஞ்சுகிற சோனிச் சேவல்தான் அடுத்த ஆண்டுக் குஞ்சுகள் அத்தனைக்கும் தகப்பனாகிறது. இப்படியே பல ஆண்டுகள் போனால் கோழி சிறுத்துவிட்டது என்று தீவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

முன்பு இதற்கு ஒரு மாற்று தானாகவே இருந்தது. முனீஸ்வரனுக்கோ ஐயனாருக்கோ நேர்ந்துவிட்ட சேவலை யாரும் விற்கவும் மாட்டார்கள், அறுக்கவும் மாட்டார்கள். நேர்த்திக்கடனுக்கென்று நல்ல சேவலைத்தான் விடுவார்கள் என்பதால், படையல் போடும் நாள் வரும்வரை அது தெருக் கோழிகளுக்கெல்லாம் தகப்பனாக நடமாடும். இப்போது பலர் பூசைக்கு முதல்நாள் கடையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, குஞ்சுகள் மூன்று மாதம் ஆனதும் நல்ல சேவல்களைத் தனியே குறித்துவிட்டு, யார் என்ன விலை கேட்டாலும் அவற்றை விற்பதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைப்பதுதான்.

உடல் பெருத்த நாட்டுக்கோழியான பெருவிடையின் சேவலை விட்டால் எடை கூடும் என்று ஆசை காட்டுவார்கள். எடை கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கலப்பில் வரும் கனத்த பெட்டைகள் அடையில் முட்டையை மிதித்து உடைப்பதை எங்கள் பக்கத்தில் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். கிளிமூக்கு, விசிறிவால் என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் சேவல்கள் உங்கள் தேவைக்கு உரியவை அல்ல. அவற்றில் தெரிவு செய்யப்பட்டிருப்பது அலகும் வாலும், அடையும் முட்டையும் அல்ல.

பதில் 2: பஞ்சாரம் (ஒரத்தநாடு)

கால்நடைப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டை எண்ணிக்கை என்று நீங்கள் சொல்வதில் ஒரு பங்கு இனத்தைச் சேர்ந்தது, மற்றொரு பங்கு பராமரிப்பைச் சேர்ந்தது. கணக்குப் பார்ப்போம். பதினைந்து முட்டை இட ஏறத்தாழ 20 நாள், அடை 21 நாள், குஞ்சுகளோடு திரிவது இரண்டு மாதத்துக்கும் மேல். ஒரு சுற்று முடிய நூறு நாளைத் தாண்டிவிடுகிறது என்றால் ஆண்டுக்கு மூன்று ஈட்டுக்குமேல் எப்படி வரும்? இந்தச் சுற்றில் மிக நீளமானது குஞ்சோடு திரியும் காலம்தான். இரண்டு வாரத்தில் குஞ்சுகளைப் பிரித்து, பல்பு வெப்பமும் உமிப் படுக்கையும் உள்ள தடுப்புக்குள் வளர்த்தால், தாய் உடல் தேறி மீண்டும் முட்டைக்கு வந்துவிடும். கோழியை மாற்றாமலேயே ஆண்டுக்கு ஓர் ஈடு கூடுதலாகக் கிடைக்கலாம். இதைச் செய்துவிட்டு, அதற்கு மேலும் வேண்டியதை மட்டும் இனத்தெரிவில் தேடுங்கள்.

இனத்தெரிவுக்கு வருகிறேன். உடல் எடை பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு நன்றாகவே இறங்கும் குணம். ஆகவே ஒரு சேவலின் எடையைத் தராசில் பார்த்தே ஓரளவு முடிவு செய்யலாம். முட்டை எண்ணிக்கை அப்படியல்ல. அதில் தீவனம், வெயில், நோய், வயது ஆகியவற்றின் பங்கு பெரிது. மரபின் பங்கு குறைவு. அதிலும் சேவல் முட்டையே இடுவதில்லை. எனவே ஒரு சேவலின் தகுதியை அதன் தாயிடமும் அதன் உடன்பிறந்த பெட்டைகளிடமும்தான் பார்க்க வேண்டும். தாய் எது என்று தெரியாத சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் தகுதி தெரியாத தகுதிதான்.

தாயைத் தெரிந்துகொள்ள ஏடு எழுத வேண்டும். பொரித்த அன்றே குஞ்சின் விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வில் துளை போடுவது பழைய முறை. இரண்டு காலுக்கும் சேர்த்து நான்கு சவ்வுகள். எதில் துளை உண்டு, எதில் இல்லை என்று மாற்றி மாற்றிப் போட்டால் 16 அடையாளங்கள் கிடைக்கும். ஒரு தாய்க்கு ஓர் அடையாளம் என்று வைத்துக்கொள்ளலாம். துளை சில நாளில் தூர்ந்துவிடக்கூடும் என்பதால் ஒரு வாரத்தில் மறுபடி பார்த்துவிடுங்கள். அடைக்கு வைக்கும்போது இரண்டு மூன்று பெட்டைகளின் முட்டையைக் கலந்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இனத்துக்கு, அதாவது அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பனாக, எடுக்கும் ஈட்டில் மட்டும் அதை விட்டுவிடுங்கள்.

கையில் பிடித்துப் பார்க்கும் சோதனையும் ஒன்று உண்டு. பெட்டையின் ஆசனவாய்க்குக் கீழே இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் இடுப்பெலும்பு முனைகளுக்கு இடையில் விரலை வைத்துப் பாருங்கள். முட்டையில் இருக்கும் பெட்டைக்கு இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழையும், எலும்பு முனை மெலிந்து வளையும், ஆசனவாய் அகன்று ஈரமாக இருக்கும். ஒரு விரல் மட்டும் நுழைந்து, எலும்பு தடித்துக் கொழுப்போடு தட்டுப்பட்டால் அது இப்போது இடவில்லை என்று பொருள். ஆனால் அடையிலோ குஞ்சோடோ இருக்கும் பெட்டையை இப்படிப் பார்த்துக் கழித்துவிடக் கூடாது.

சேவலின் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது முட்டை கருக்கூடுவதற்கான கணக்கு. இனம் கெடாமல் இருப்பதற்கான கணக்கு வேறு. சேவல், பெட்டை எண்ணிக்கைகளைப் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தக் கோழிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், மரபளவில் உங்கள் கூட்டம் எத்தனை கோழிக்குச் சமம் என்று வரும். 20 பெட்டைக்கு ஒரே சேவல் என்றால் விடை நான்குகூட வராது. பெட்டையை 40 ஆக்கினாலும் நான்கைத் தாண்டாது. அதே 20 பெட்டைக்கு 4 சேவல் வைத்தால் 13க்கு மேல் போகிறது. ஒரே சேவல் என்றால் தலைமுறைக்குச் சுமார் 13 விழுக்காடு வீதம் உறவுச் சேர்க்கை (நெருங்கிய உறவுள்ள கோழிகள் இணைவது) ஏறும். நான்கு என்றால் 4 விழுக்காட்டுக்குள் நிற்கும். உறவுச் சேர்க்கை ஏறினால் முதலில் அடிபடுவது முட்டை பொரிக்கும் வீதமும் குஞ்சு பிழைக்கும் வீதமும்தான். அடையில் கூமுட்டையும் இடையில் செத்த கருவும் ஆண்டுக்காண்டு கூடினால் அடையை மட்டும் குறை சொல்லாமல் சேவலையும் எண்ணிப் பாருங்கள்.

உங்களிடம் இரண்டு சேவல் இருந்தாலும் ஒன்றாகவே திரிந்தால் வலியது மற்றொன்றை அண்டவிடாது. கணக்கில் இரண்டு, நடப்பில் ஒன்று. ஆகவே இனத்துக்கு முட்டை எடுக்கும் மாதங்களில் மட்டுமாவது மூங்கில் படலோ வலையோ கட்டி நான்கு அறைகளாகப் பிரித்து, அறைக்கு ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் விடுங்கள். பெண் குஞ்சுகள் தாயின் அறையிலேயே நிற்கட்டும். முதல் அறையில் பிறந்த சேவல் இரண்டாம் அறைக்கும், இரண்டாவதில் பிறந்தது மூன்றாவதற்கும், நான்காவதில் பிறந்தது முதல் அறைக்கும் போகட்டும். ஒவ்வோர் ஆண்டும் இதே திசையில் நகர்த்தினால் அண்ணன் தங்கை சேர்க்கை நேராது, வெளிச் சேவலை அடிக்கடி தேடவும் வேண்டாம். தொடக்கத்தில் மட்டும் தொலைவில் உள்ள ஊரிலிருந்து, தாயைக் கண்ணால் பார்த்து, இரண்டு சேவல் வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கியதை மூன்று வாரமாவது தனியே வைத்து நோய் இல்லை என்று தெரிந்த பிறகே விடவும்.

பதில் 3: கடைமடை (வேதாரண்யம் பக்கம்)

ஐயா பஞ்சாரம் அவர்கள் எழுதியதில் ஒரு சிறு வேறுபாடு எனக்கு உண்டு. இரண்டு வாரத்தில் குஞ்சைப் பிரித்துவிட்டால் அந்தத் தாய் குஞ்சை எப்படி வளர்க்கிறது என்பதைப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடுகிறதே? பருந்தின் நிழல் தரையில் ஓடியதும் ஒரு குரலில் குஞ்சுகளை வைக்கோல் போரடிக்கு இழுத்துக்கொள்ளும் பெட்டையும் உண்டு, தான் மட்டும் ஓடிவிடும் பெட்டையும் உண்டு. கேள்வி கேட்டவருக்கு முதன்மையாக வேண்டியது இந்தக் குணம். ஆகவே ஒவ்வொரு பெட்டைக்கும் முதல் ஈட்டை முழுமையாக அதன் பொறுப்பிலேயே விட்டு, எத்தனை முட்டை வைத்தோம், எத்தனை பொரித்தன, எட்டாம் வாரத்தில் எத்தனை உயிரோடு இருந்தன என்று மூன்று எண்களை மட்டும் எழுதிவைத்து, அடுத்த ஈடுகளில் வேண்டுமானால் பிரிக்கலாம் என்பது என் எண்ணம்.

அடையில் உட்காராத அந்தக் கலப்புப் பெட்டைகளைச் சாப்பாட்டு முட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் முட்டையை மட்டும் அடைக்கு வைக்க வேண்டாம். லெகார்ன் என்னும் முட்டைக் கோழியில் முட்டையை மட்டுமே பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்ததில்தான் அடைகாக்கும் குணம் ஏறத்தாழ அற்றுப்போனது. முட்டை எண்ணிக்கையில் முதலிடம் பிடிக்கும் பெட்டையையே எப்போதும் தாயாக எடுத்தால் சிறுவிடையும் அதே வழியில்தான் போகும்.

இன்னொன்று, தடுப்பூசி போடாமல் விட்டுப் பிழைப்பதை வைத்துக்கொண்டால் நோயைத் தாங்கும் இனம் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். வெள்ளைக்கழிச்சல் (கோழிக்கழிச்சல் என்பதும் இதுவே) கடுமையாக வந்தால் நல்லது, கெட்டது என்று பார்க்காமல் கொட்டிலையே காலி செய்துவிடும். மிஞ்சும் ஒன்றிரண்டில் தெரிவு செய்ய என்ன இருக்கிறது? குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையடி ஊசியும் தவறாமல் போடுங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள்.

வெண்ணாற்றங்கரை:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மழை தாங்குவதைப் பற்றி மட்டும் தெளிவு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பொரித்த குஞ்சுகள் எங்களிடம் மிக அதிகமாகச் சாகின்றன. அந்த மாதத்தில் பிழைக்கும் குஞ்சுகளையே இனத்துக்கு எடுக்கலாமா? மேலும், பழைய சேவலை மாற்றிவிட்டு உடனே முட்டை சேர்க்கத் தொடங்கலாமா?

பஞ்சாரம்:

முதலில் கடைமடை அவர்கள் சொன்னது சரியே. முதல் ஈட்டைத் தாயிடம் விட்டுப் பார்ப்பது என் யோசனையை விட நல்லது.

மழைக்காலக் குஞ்சுச் சாவில் பெரும்பகுதி ஈரப் படுக்கையில் பெருகும் இரத்தக்கழிச்சலாலும் குளிராலும் வருவது. எந்தக் குஞ்சு ஈரத்தில் படுத்தது என்பதே அங்கே முடிவு செய்கிறது. இனத்தைப் பற்றி அது அதிகம் சொல்லாது. ஆகவே அந்த இரண்டு மாதங்களில் இனத்துக்கென்று அடை வைக்க வேண்டாம். சம்பா அறுவடையின்போது தை மாதத்தில் அடை வைத்துப் பங்குனிக்குள் பொரித்துவிடுங்கள். களத்தில் சிந்திய நெல்லும் வயலில் பூச்சியும் தாராளமாக இருக்கும் காலம் அது. தடுப்பூசி முகாமும் அப்போதுதான். பன்னிரண்டாம் வாரத்தில் எடை பார்த்துத் தேறாதவற்றை முதல் முறையாகக் கழித்துவிடுங்கள். எடையை அதே ஈட்டுக் குஞ்சுகளோடுதான் ஒப்பிட வேண்டும், முன்பின் பொரித்தவற்றோடு அல்ல. புரட்டாசி, ஐப்பசியில் பெட்டைகள் முதல் முட்டைக்கு வரும். அந்த வயதில் மழையைச் சந்திக்கட்டும். மார்கழி முடிவில் உடல் இளைக்காமல், கால் நோகாமல், சளி பிடிக்காமல் நிற்பவற்றை எடுத்துத் தையில் ஜோடி சேருங்கள். நீங்கள் கேட்ட மழை தாங்கும் குணத்தை அந்த வயதில் பார்ப்பதுதான் பொருத்தம்.

சித்திரை வெயிலும் உங்களுக்குத் தொல்லை என்றால், கூட்டத்தில் மொட்டைக்கழுத்துக் கோழி வந்தால் அழகில்லை என்று கழிக்காதீர்கள். இறகு குறைவு என்பதால் வெப்பம் எளிதில் வெளியேறும். கழுத்தின் முன்பக்கம் சிறு இறகுக் கொத்து இருந்தால் அந்த மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தது, கொத்தே இல்லாவிட்டால் இருவரிடமிருந்தும் வந்தது என்று பார்வையிலேயே பிரித்துவிடலாம்.

சேவலை மாற்றியதும் முட்டை சேர்க்கக் கூடாது. பெட்டையின் உடலில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடு தங்கிக் கருக்கூட்டும். பழைய சேவலை நீக்கி, புதியதை விட்டு, மூன்று வாரம் வரும் முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதன் பிறகு இடுவதை அடைக்குச் சேருங்கள். சேர்க்கும் முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். மண் பானையில் மணலும் ஈரத்துணியுமாகக் குளிர்ச்சியான மூலையில் வைத்தால் போதும். மார்கழியில் நான்கு அறைப் படலைக் கட்டிவிட்டால் தைக்குள் இந்த மூன்று வாரமும் கடந்துவிடும்.