பாமினி ஸ்லைடுகளை யூனிகோடுக்கு மாற்ற உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பயிற்சி வகுப்புக்கான 60 ஸ்லைடுகளும் பாமினியில் அடித்தவை. அந்த ஃபான்ட் இல்லாத லேப்டாப்பில் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது. பாமினி யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த ஃபான்ட்.

பிடிஎஃப் ஆக்கினால் எழுத்து நிற்கும், அனிமேஷன் போய்விடும். அது வேண்டாம்: வரைபடத்தில் கோடுகள் ஒவ்வொன்றாக வந்தால்தான் கேட்பவர்கள் நம் பேச்சோடு கூடவே வருவார்கள். மொத்தமாகக் காட்டினால், நாம் பேசுவதற்குள் படித்து முடித்துவிட்டு போனை எடுத்துவிடுகிறார்கள்.

பாமினியை யூனிகோடாக்கும் கன்வெர்ட்டரில் ஒட்டினால் நடுவிலுள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிக் கெடுகின்றன. பாமினி எழுத்தை மட்டும் கண்டுபிடித்து, டெக்ஸ்ட் பாக்ஸ், சார்ட் லேபிள், நோட்ஸ் மூன்றிலும் நிர்மலா யூஐ என்ற யூனிகோடு ஃபான்ட்டுக்கு மாற்றும் பவர்பாயின்ட் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) யாரிடமாவது இருக்கிறதா? மாற்றிய பின் வரி நீண்டு பெட்டியைத் தாண்டினால், எழுத்தளவு 28 பாயின்ட்டுக்குக் கீழே போகாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?