மறு: 'டிபெண்டன்சி ஹெல்': சார்பு நரகமா, சார்பளறா?

வணக்கம்.

'டிபெண்டன்சி ஹெல்' (dependency hell) என்ற கணினித்துறைச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இங்கே வந்த 'சார்பு நரகம்', 'சார்புச் சிக்கல்' இரண்டையும் இரண்டு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். இரண்டிலும் ஏதோ குறைகிறது. அந்தச் சொல் சுட்டும் அவஸ்தையை முதலில் பார்த்துவிடுவோம்.

நம் நிரலுக்கு அ, ஆ என்று இரண்டு பொதிகள், அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள், வேண்டும். அ-வுக்கு இ என்ற பொதியின் முதல் பதிப்பு தேவை. ஆ-வோ அதன் இரண்டாம் பதிப்பு இல்லாமல் ஓடாது. இரண்டையும் ஒன்றாக வைக்க வழியில்லை. சரி, அ-வைப் புதுப்பிக்கலாம் என்று போனால் அது பைத்தான் நிரல்மொழியின் புதிய பதிப்பைக் கேட்கும். பைத்தானை மாற்றினால் அதுவரை ஒழுங்காக ஓடிய வேறொரு பொதி நின்றுபோகும். போன மாதம் பழைய சொற்பிழைதிருத்தி ஒன்றைப் புதுக் கணினியில் ஓட வைக்கப் பார்த்து எனக்கு ஓர் இரவு முழுக்க இப்படியே போயிற்று. திருத்தியின் நிரலில் ஒரு வரிகூடப் பிழையில்லை.

1990களில் விண்டோஸ்காரர்கள் 'டிஎல்எல் ஹெல்' என்று புலம்பியதும் இந்த வகைதான். புதிதாக நிறுவும் மென்பொருள், பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் டிஎல்எல் என்ற நிரல் கோப்பின் மேல் தன்னிடமிருக்கும் பழைய பதிப்பை எழுதிவிடும். சம்பந்தமே இல்லாத இன்னொரு மென்பொருள் திறக்காது. விண்டோஸ் 2000-இல் அமைப்புக் கோப்புகளுக்குக் காவல் போட்ட பிறகு கொஞ்சம் அடங்கியது. ஜாவா நிரல்மொழியில் அதே தொல்லைக்கு, அங்கே பொதிகள் வரும் 'ஜார்' கோப்பின் பெயரால், 'ஜார் ஹெல்' என்று பெயர்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். நரகம் என்றால் செய்த பாவத்துக்காக நம்மைக் கொண்டுபோய்த் தள்ளும் இடம். இங்கே யாரும் தள்ளவில்லை. நாமே ஒரு காலை வைக்கிறோம், அதை எடுக்க மறுகாலை ஊன்றுகிறோம், அதுவும் இறங்குகிறது. இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: அளறு. சேறு என்றும் பொருள், நரகம் என்றும் பொருள். 835-ஆம் குறளில் பேதை 'தான்புக் கழுந்தும் அளறு' என்று வருகிறது. தானே புகுந்து அழுந்துவது! பேதைமையை அங்கேயே விட்டுவிடுவோம். எனக்கு வேண்டியது அந்தப் புகுதலும் அழுந்தலும். நரகத்தைக் குறிக்கும் புறநானூற்றின் 'நிரயம்' கூட நினைவுக்கு வந்தது, ஆனால் அதில் சேறு இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: சார்பளறு. சார்பு குற்றியலுகரம் என்பதால் புணர்ச்சியும் இயல்பாக அமைகிறது. பொதியளறு, பதிப்பளறு என்று இனமாகவும் வளரும்.

'சிக்கல்' எளிய சொல், எல்லாருக்கும் புரியும், மறுக்கவில்லை. ஆனால் சிக்கு என்பது பொறுமையாக நுனியைப் பிடித்தால் பிரிந்துவிடும். சார்பளறில் நுனி நம் கையில் இல்லை, எங்கோ இருக்கும் இன்னொருவருடைய பொதியில் இருக்கிறது. அதனால் 'கால்பேக் ஹெல்' என்பதற்கு நான் அளறு கேட்க மாட்டேன். அழைப்புக்குள் அழைப்பாக வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும் ஜாவாஸ்கிரிப்ட் உண்மையிலேயே சிக்குதான். 2015-இல் பிராமிஸ், 2017-இல் அசிங்க்–அவெய்ட் என்று அழைப்புகளை வரிசையாக எழுத உதவும் வசதிகள் மொழிக்குள் வந்ததும் அதைப் பிரித்துவிட முடிந்தது. அதற்குப் 'பின்னழைப்புச் சிக்கல்' போதும். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே 'ஹெல்' என்பதற்காக நாமும் ஒரே சொல்லில் நிற்க வேண்டியதில்லை.

அளறு வழக்கொழிந்த சொல், யாருக்குப் புரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 'சார்புப் புதைகுழி' என்றால் உடனே புரியும், அதையும் யோசித்தேன். ஆனால் இது அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் அலுத்துக்கொண்டு சொல்கிற சொல். நீளமாக இருந்தால் வாயில் நிற்காது. "அளறுல மாட்டிக்கிட்டேன், நாளைக்குத்தான் முடியும்" என்று சொல்லிப் பாருங்கள், எனக்கு நன்றாகவே ஒலிக்கிறது.

விக்சனரியில் சேர்ப்பதற்கு முன் ஜாவாவிலும் லினக்சிலும் வேலை செய்பவர்கள் ஒரு வாரம் பேச்சில் புழங்கிப் பார்த்துவிட்டு, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.