இறந்தவரின் குரலை மீண்டும் பேச வைப்பது முறையா?

தனிவழி கேட்டது:

அப்பா மறைந்து ஓராண்டு ஆகப் போகிறது. கண்பார்வை மங்கிய பிறகு அவர் தட்டச்சு செய்வதை விட்டுவிட்டு, எதைச் சொல்வதானாலும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே அனுப்பிவந்தார். மருந்து வாங்கிவிட்ட தகவல், செய்தியில் கேட்ட ஓர் அரசியல்வாதியின் பேச்சின்மீது வந்த கோபம், பழைய பாட்டொன்றைப் பற்றிய வியப்பு என்று எல்லாம் அவற்றில் உண்டு. ஒவ்வொரு பதிவும் தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஒலியோடு தொடங்கும். பேசி முடித்ததும் உடனே நிறுத்த மாட்டார் என்பதால், அவர் கண்ணாடிக் கூட்டை மூடுகிற ஓசையும் இறுதியில் பதிவாகியிருக்கும்.

இவற்றையெல்லாம் ஒரு செயற்கை நுண்ணறிவுச் சேவையில் ஏற்றினால், அப்பாவின் குரலிலேயே நம்மோடு உரையாடும் ஒன்றை உருவாக்கித் தருவார்கள் என்று தம்பி சொல்கிறான். புகைப்படத்தை மாட்டிவைப்பதைப் போன்றதுதானே இதுவும் என்பது அவன் வாதம். அந்தக் குரலைக் கேட்கும் ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் அவர் ஒருபோதும் சொல்லாத சொற்களை அவர் குரலில் கேட்பதை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. இது புதிய தொழில்நுட்பத்தின்மீது எவருக்கும் வரக்கூடிய தயக்கம்தானா, அல்லது உண்மையாகவே இதில் தவறு ஏதேனும் உள்ளதா? இதைப் பற்றிச் சிந்தித்தவர்கள் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

தங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த இரங்கல். தம்பியின் ஆசையை எளிதாகத் தள்ளிவிட முடியாது; ஒலிப்பதிவு தோன்றிய காலத்திலிருந்தே உடன்வரும் ஆசை அது. எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினார். அடுத்த ஆண்டே அதன் பயன்களை விளக்கி எழுதிய கட்டுரையில், குடும்பத்தாரின் நினைவுகளையும் இறக்கும் தறுவாயில் இருப்பவர்களின் கடைசிச் சொற்களையும் அவரவர் குரலிலேயே சேமித்துவைப்பதையும் ஒரு பயனாகக் குறிப்பிட்டார். இசைத்தட்டுத் தொழில் தழைப்பதற்கு முன்பே மரணம் அந்தக் கருவியின் கணக்கில் வந்துவிட்டது.

ஆனால் சேமித்துவைப்பது ஒரு செயல், புதிதாகப் பேச வைப்பது வேறொரு செயல். பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் மறைந்த பாடகர் ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் வீட்டில் பியானோவுடன் பாடி நாடாவில் பதிந்திருந்த ஒரு பாடலிலிருந்து, 2023-இல் அவருடைய குரலை மட்டும் கணினியின் உதவியால் பிரித்தெடுத்து பீட்டில்ஸ் பாடலாக வெளியிட்டார்கள். அங்கே பாடியவர் லெனன்தான். இயந்திரம் தூசு தட்டிக் கொடுத்தது, அவ்வளவே. 2024-இன் தொடக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரு திரைப்பாடலில் ஒலிக்கச் செய்தார். இருவரின் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று உரிய ஊதியமும் வழங்கியதாக அவரே அறிவித்தார். அவர் நேர்மையாக நடந்துகொண்டார் என்றே கருதுகிறேன்; ஆயினும் அந்தப் பாட்டை அவ்விருவரும் பாடவில்லை. எந்த இடத்தில் மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லைச் சற்றே இழுப்பது என்பதெல்லாம் ஒரு பாடகர் அந்தக் கணத்தில் எடுக்கும் முடிவு. அந்த முடிவுகளை எடுப்பதற்கு அவர்கள் அங்கே இல்லை.

தங்கள் அப்பாவின் பதிவுகளை ஏற்றினால், பெரும்பாலும் அந்தச் செருமலையும் கண்ணாடிக் கூட்டின் ஓசையையும் இரைச்சல் என்று கருதி முதலில் நீக்கிவிடுவார்கள். அவரை அவராகத் தங்களுக்கு உணர்த்துகிறவை அவைதான் என்று தங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது.

மறுகரை எழுதியது:

இதில் அரசியலும் இருக்கிறது, அதைப் பேசாமல் விடக்கூடாது. 1924 சனவரியில் லெனின் இறந்தபோது, அவருடைய துணைவி குரூப்ஸ்கயா, துயரத்தை வெளிப்பகட்டான வழிபாடாக மாற்ற வேண்டாம், அவர் பெயரில் நினைவுச் சின்னங்களை எழுப்ப வேண்டாம் என்று பத்திரிகை வழியாகவே கேட்டுக்கொண்டார். ஆனால் கட்சி லெனினின் உடலைப் பதப்படுத்தி வைத்தது. நூறாண்டு கடந்தும் அது மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் கிடக்கிறது. உடலுக்கு அன்று நேர்ந்தது இன்று குரலுக்கு நேர்கிறது. 2008-இல் இறந்த இந்தோனேசிய முன்னாள் அதிபர் சுகார்த்தோ, 2024 தேர்தலுக்கு முன்பு வெளியான ஒரு செயற்கைக் காணொளியில் தோன்றி வாக்காளர்களிடம் பேசினார். அவரை நான் சிறிதும் மதிப்பவன் அல்லன். இருந்தாலும், இறந்த ஒருவரின் வாயில் தமக்கு வேண்டிய சொற்களை வைத்துத் தேர்தல் களத்தில் நிறுத்துவதை எந்தக் கட்சி செய்தாலும் ஏற்க முடியாது.

குடும்பத்துக்குள்ளும் இதுவே சிறிய அளவில் நடக்கும். அடுத்த தேர்தலில் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று தம்பி அந்த இயந்திரத்திடம் கேட்டால், பழைய பதிவுகளில் இருக்கும் கோபத்தைக் கொண்டு அது ஒரு விடையைச் சொல்லிவிடும். உயிரோடு இருந்திருந்தால் தங்கள் அப்பா அதற்குள் மனம் மாறியிருக்கலாம். கேட்டவரையே எதிர்த்துக் கேள்வி கேட்டிருக்கலாம். பதில் சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். நடிகர் ராபின் வில்லியம்ஸ் தம் உருவத்தை 2039 வரை, அதாவது இறப்புக்குப் பின் 25 ஆண்டுகள், பயன்படுத்தக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுப் போனார். நம் பெற்றோரில் எத்தனை பேருக்கு அப்படி எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும்?

அலைவரிசை எழுதியது:

எனக்கு வேறொரு கோணம் உண்டு. என் தாயாருக்கு, தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் இயக்க நரம்பணு நோய் இருக்கிறது. பேச்சு முழுவதும் போவதற்கு முன்பே அவர் குரலைப் பதிவுசெய்து, அதைக் கொண்டு ஒரு செயற்கைக் குரலை அமைத்திருக்கிறோம். திரையில் வந்த வாக்கியங்களை வாசித்து முடித்ததும், பட்டியலில் இல்லாத ஒன்றை அவராகவே கேட்டுச் சேர்த்தார்: பேரக்குழந்தைகளின் செல்லப் பெயர்களை, அவர்களைக் கூப்பிடும் அதே இழுவையோடு. இன்று அவர் தட்டச்சு செய்வதை அந்தக் குரல் வாசிக்கிறது. அது அவர் பேசுவதுதான் என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை.

பேச்சை இழந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் குரல் என்று உலகம் அறிந்தது, டென்னிஸ் கிளாட் என்ற ஆய்வாளர் தம் சொந்தக் குரலை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய செயற்கைக் குரல். கிளாட் 1988-இல் இறந்துவிட்டார். ஹாக்கிங் 2018 வரை அந்தக் குரலில் பேசினார், மேம்பட்ட குரல்கள் வந்த பின்னும் அதை மாற்ற விரும்பவில்லை. கிளாட் பேசுகிறார் என்று எவரும் எண்ணியதில்லை. சொற்களைத் தேர்ந்தெடுப்பவர் யாரோ அவரே பேசுகிறார். தங்கள் தம்பி கேட்கும் சேவையில் அந்த இடம் காலியாக இருக்கிறது. அடுத்து வருவதற்கு வாய்ப்புள்ள சொல் எது என்ற கணிப்புதான் அங்கே அமர்ந்திருக்கிறது. இருந்தாலும் தம்பியைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவருக்கு அப்பாவிடம் சொல்லாமல் விட்டது ஏதேனும் இருக்கலாம்.

என் தாயார், தாம் போன பிறகு அந்தக் குரலில் எவரும் எதையும் தட்டச்சு செய்யக் கூடாது என்று எழுதிக் காட்டிவிட்டார். அவருக்கு அந்த வாய்ப்பு இருந்தது. தங்கள் அப்பாவைக் கேட்க முடியாது. அம்மா இருக்கிறார் என்றால் அவரைக் கேளுங்கள்.

தனிவழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அம்மாவிடம் பேசினேன். இருக்கிற பதிவுகளைக் கேட்பதற்கே தமக்கு இன்னும் மனம் வரவில்லை என்றும், இதற்குமேல் புதிதாக ஒன்று தம் காதில் விழ வேண்டாம் என்றும் சொன்னார். தம்பி முழுமனதோடு ஒப்பவில்லை. அம்மா இருக்கும்வரை ஏற்றுவதில்லை என்பது மட்டும் இப்போதைக்கு முடிவு. இருப்பவற்றைப் பாதுகாக்க என்ன செய்யலாம்?

பழஞ்சுவடி எழுதியது:

முதலில் அவற்றைத் தொலைபேசியிலிருந்து வெளியே எடுத்து, ஒரே நிறுவனத்தின் சேமிப்பை நம்பாமல் குறைந்தது இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது 2023-இல் கூகுள் அறிவித்த விதி. அப்பாவின் கணக்கில் ஏதேனும் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். பல ஆண்டுகளாக மக்கள் ஏற்றிவைத்த பாடல்களை மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் மொத்தமாக இழந்துவிட்டது 2019-இல் வெளியே தெரியவந்தது. அசல் கோப்புகளைச் சுத்தம் செய்யாமல் அப்படியே வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, யாருக்கு அனுப்பியது, எதைப் பற்றிய பேச்சு என்று ஒரு வரி எழுதிச் சேர்த்துவையுங்கள். “அவன் வந்துவிட்டானா?” என்று அப்பா கேட்டால், அந்த ‘அவன்’ யார் என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. இந்தக் குறிப்புகளைத் தம்பியோடு உட்கார்ந்து எழுதுவது நல்லது, ஏனெனில் அவருக்கு மட்டும் வந்த பதிவுகளின் பின்னணி அவருக்குத்தான் தெரியும்.